எக்ஸ்ரே, ஸ்கேன், கதிர்வீச்சு: எக்ஸ்ரே அறை வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்களிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே பெரிய கூட்டம், வெளியே நீண்ட வரிசை. நின்று பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. பாதி பதிலோடு வீட்டுக்குப் போகிறவர்கள் மீதியைப் பயத்தால் நிரப்பிக்கொள்கிறார்கள். அதனால் நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டெக்னீஷியன், மருத்துவர் இல்லை. உங்கள் நோய்க்கு எந்தப் பரிசோதனை வேண்டும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்தா அந்தக் கதிர் உடம்புக்குள்ள எத்தனை நாள் இருக்கும்?

ஒரு நொடிகூட இருக்காது. எக்ஸ்ரே குழாய்க்குள் மின்சாரம் பாயும்போது மட்டும் கதிர் உண்டாகிறது. சுவிட்சை அணைத்தால் அறையில் வெளிச்சம் நின்றுவிடுவதுபோல, மின்சாரம் நின்ற கணமே கதிரும் நின்றுவிடும். நெஞ்சு எக்ஸ்ரேக்கு "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி பொத்தானை அழுத்துகிறோமே, அதில் கதிர் பாயும் நேரம் ஒரு நொடியில் சிறு பகுதிதான்.

எடுத்து முடித்தவர் மேல் கதிர் ஒட்டியிருக்காது. அவர் துணியில் இருக்காது, அவரைத் தொட்டால் பரவாது. எக்ஸ்ரேக்கும், அதே கதிரை உடம்பைச் சுற்றிவரச் செய்து பல படங்கள் எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் இதே பதில்தான். வேறு மாதிரியான பரிசோதனைகள் சில உண்டு, அவற்றைக் கீழே தைராய்டு கேள்வியில் சொல்கிறேன்.

அப்போ பால், இளநீர் குடிச்சா கதிர்வீச்சு இறங்கிடும்னு சொல்றாங்களே?

உள்ளே தங்காத ஒன்றை இறக்க முடியாது. தாகமாக இருந்தால் தாராளமாகக் குடியுங்கள். கதிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு எக்ஸ்ரேல எவ்வளவுதான் உள்ள போகுது? ஒரு கணக்கு சொல்லுங்க.

கதிர்வீச்சால் உடலுக்கு நேரும் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நாம் எந்த ஸ்கேனும் எடுக்காவிட்டாலும் மண், பாறை, காற்று, வானத்திலிருந்து வரும் கதிர், சாப்பாடு என எல்லாவற்றிலிருந்தும் தினமும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேதான் இருக்கிறோம். இது உலக சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட். எல்லா ஊரிலும் இதே அளவு இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையிலும் கேரளத்தில் கொல்லம் பக்கத்துக் கடற்கரையிலும் மணலில் மோனசைட் என்ற தாதுவும் அதில் கதிர் வீசும் தோரியமும் இருப்பதால், அங்கே இயற்கை அளவே பல மடங்கு அதிகம். அந்தக் கொல்லம் பக்கத்துக் கருநாகப்பள்ளி மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அந்த இயற்கைக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே சுமார் 0.02 மில்லிசீவர்ட். அதாவது சும்மா வீட்டில் இருந்தாலே மூன்று நாளில் வந்து சேரும் அளவு. இடுப்பு முதுகெலும்பு எக்ஸ்ரே இதைவிட நிறைய அதிகம், ஏறக்குறைய 1. தலைக்கு சி.டி. என்றால் 2 வாக்கில், நெஞ்சுக்கு சி.டி. 6 வாக்கில், வயிற்றுக்கு 8 முதல் 10 வரை. கருவி, உடல் பருமன், எத்தனை முறை சுற்றி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து இவை கூடும், குறையும். கை, கால் எக்ஸ்ரேயின் அளவு கணக்கில் சேர்க்கத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது.

எம்.ஆர்.ஐ., வயித்து ஸ்கேன் எல்லாம் இதே மாதிரிதானா?

இல்லை. கர்ப்பிணிகளுக்கும் வயிற்றுவலிக்கும் எடுக்கும் அல்ட்ரா சவுண்ட் ஒலி அலையில் இயங்குவது. எம்.ஆர்.ஐ. காந்தத்திலும் ரேடியோ அலையிலும் இயங்குவது. இரண்டிலும் எக்ஸ்ரே கதிர் துளியும் கிடையாது. "ஸ்கேன்" என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அழைப்பதால்தான் இவ்வளவு குழப்பமும். மருத்துவர் எழுதித் தந்த சீட்டில் எந்த ஸ்கேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள், பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கொரோனா சமயத்துல ஒரு சி.டி. எடுத்தா 400 எக்ஸ்ரேக்குச் சமம்னு டிவில சொன்னாங்களே, நிஜமா?

2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரந்தீப் குலேரியா ஒரு சி.டி. 300 முதல் 400 நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம் என்று சொன்னார். லேசான காய்ச்சலுக்கெல்லாம் மக்கள் நேராக ஸ்கேன் சென்டருக்கு ஓடிய சமயம் அது. இந்தியக் கதிரியக்க மருத்துவர்கள் சங்கம் உடனே மறுத்தது. இப்போதுள்ள கருவிகளில் அளவைக் குறைத்து எடுக்கிறோம், அது சில எக்ஸ்ரேக்கள் அளவுதான் என்றது.

மேலே சொன்ன கணக்கை வைத்து நீங்களே பாருங்கள். சாதாரண முறையில் எடுத்த நெஞ்சு சி.டி.யின் 6-ஐ 0.02-ஆல் வகுத்தால் 300 வருகிறது. குறைந்த அளவில் எடுத்தால் அந்த எண் வெகுவாக இறங்கிவிடும். ஆக, எந்த முறையில் எடுத்தது என்பதை வைத்துத்தான் கணக்கு. 400 என்று கேட்டுப் பதறுகிறோம், ஆனால் வகுக்கும் எண்ணாகிய எக்ஸ்ரே எவ்வளவு சிறியது என்பதை யாரும் சொல்வதில்லை. அவர் சொன்ன அடிப்படைக் கருத்து எனக்கு உடன்பாடுதான். லேசான அறிகுறிக்கு, இரண்டு மூன்று முறை, மருத்துவர் சொல்லாமலே சி.டி. எடுத்தது தேவையில்லாத வேலை.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, கேன்சர் வருமா வராதா?

அணுகுண்டுக்குத் தப்பிய ஹிரோஷிமா, நாகசாகி மக்களைப் பல பத்தாண்டுகள் கவனித்ததில், அதிக அளவு கதிர் வாங்கியவர்களுக்குப் புற்றுநோய் கூடியது தெளிவாகத் தெரிந்தது. ஸ்கேனில் வரும் சிறிய அளவுகளுக்கு அப்படி நேரடியாகக் காட்டுவது கடினம். அதனால் பாதுகாப்புக்காக, எவ்வளவு சிறிய அளவுக்கும் அதற்கேற்ற சிறிய ஆபத்து உண்டு என்றே வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்குப்படி 10 மில்லிசீவர்ட் வாங்கும் 2,000 பேரில் ஒருவருக்கு, வாழ்நாளில் பின்னால் எப்போதாவது உயிர்பறிக்கும் புற்றுநோய் அதனால் வர வாய்ப்பு உண்டு. குழந்தைகளுக்கு இந்த வாய்ப்பு இன்னும் கூடுதல், வயதானவர்களுக்கு மிகக் குறைவு.

இதை எதிர்ப்பக்கத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டு வாந்தி எடுக்கிறவருக்கு மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா என்று சி.டி. சில நிமிடத்தில் காட்டிவிடும். அதைக் கதிருக்குப் பயந்து தள்ளிப்போட்டால் ஆபத்து அன்றைக்கு ராத்திரியே வரலாம். எனக்கு மனசு கஷ்டப்படுவது இந்த இடத்தில்தான். எடுத்தே ஆக வேண்டியதற்குத் தயங்குகிறவர்கள், எடுக்கத் தேவையில்லாததைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன மாசம்தான் எடுத்தோம். இந்த ஆஸ்பத்திரில மறுபடியும் எடுக்கச் சொல்றாங்க. எடுக்கணுமா?

நீங்கள் கதிரைக் குறைக்க நினைத்தால், உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் பழைய ஃபிலிம்தான். எக்ஸ்ரே ஃபிலிம், சி.டி. படங்கள் உள்ள குறுந்தகடு, ரிப்போர்ட் மூன்றையும் ஒரு பையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். வெறும் ரிப்போர்ட் தாள் போதாது. அடுத்த மருத்துவர் தன் கண்ணால் படத்தைப் பார்க்க விரும்புவார். செல்போனில் ஃபிலிமைப் படம் பிடித்துக் கொண்டுவருகிறார்கள், அதில் நுணுக்கம் தெரியாது.

ஃபிலிமைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடாதீர்கள், மடிக்காதீர்கள், வெயில் படும் இடத்திலோ டிவி மேலோ வைக்காதீர்கள். கொஞ்ச நாளில் கறுத்துப் போகிற ஃபிலிமும் உண்டு. படம் கறுத்துப்போனதாலும் ஒட்டிக்கொண்டதாலும் மறுபடி எடுக்க நேர்கிறது.

சில சமயம் மறுபடி எடுப்பது நியாயமே. நிமோனியா குறைந்திருக்கிறதா, எலும்பு கூடிவிட்டதா என்று பார்க்கப் புதுப்படம் வேண்டும். பழையதைக் காட்டிவிட்டு, "இதுலேயே பார்க்க முடியாதா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவில்லை.

தாலியைக் கழட்டச் சொல்றீங்களே, அது அவசியமாம்மா?

இதைக் கேட்கும்போது பலருக்குக் குரல் இறங்கிவிடும், எனக்குப் புரிகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கம் எக்ஸ்ரேயைத் தடுத்துவிடும். நெஞ்சுப் படத்தில் தாலியும் குண்டும் நுரையீரல் மேலேயே வெள்ளை வெளேரென்று விழும். அதற்குப் பின்னால் ஒரு சிறு கட்டி இருந்தாலும் தெரியாது. படம் வீணானால் இன்னொரு முறை எடுக்க வேண்டும், அதாவது இன்னொரு முறை கதிர்.

பருத்தி நூலில் கோத்த மஞ்சள் கயிறு என்றால் கயிறு தடையில்லை, உலோகம் மட்டும்தான் தடை. கழற்ற மனமில்லாதவர்களுக்குத் தாலியை முதுகுப் பக்கம் தள்ளுவது பயன்படாது, கதிர் உடம்பை ஊடுருவிப் போவதால் அங்கே இருந்தாலும் படத்தில் விழும். தாடை அளவுக்கு மேலே தூக்கிப் பிடிக்க முடிந்தால் சில சமயம் சமாளிக்கலாம். தாயத்து, அரைஞாண், ஜாக்கெட் ஊக்கு, சட்டைப் பையில் நாணயம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று, சடை. எண்ணெய் தடவி இறுக்கப் பின்னிய தடித்த சடை தோளில் விழுந்து கிடந்தால், நுரையீரலின் மேல்பகுதியில் நிழலாகத் தெரியும். டி.பி. வழக்கமாக வரும் இடமும் அதுதான். அதனால்தான் சடையைத் தூக்கிக் கொண்டை போடச் சொல்கிறோம்.

நாள் தள்ளிப் போயிருக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, சொல்லாம எடுத்துட்டேன். இப்ப கர்ப்பம்னு தெரியுது. கலைச்சிடணுமா?

அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள். நெஞ்சு, பல், கை, கால், தலை இவற்றுக்கு எடுத்திருந்தால் கருவுக்குப் போகும் அளவு மிகமிகக் குறைவு. நெஞ்சு எக்ஸ்ரேயில் அது 0.01 மில்லிகிரேக்கும் கீழே. (எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை மில்லிகிரேயை மில்லிசீவர்ட் போலவே எண்ணிக்கொள்ளலாம்.) வயிறு, இடுப்புக்கு எக்ஸ்ரேயோ சி.டி.யோ எடுத்தால்தான் கரு நேராகக் கதிரின் வழியில் வருகிறது. அதிலும் ஒரு முறை எடுத்தால் வழக்கமாக 50-ஐத் தாண்டாது. குழந்தைக்கு உடல் குறைபாடு வருவது பற்றிய கவலை 100 மில்லிகிரேக்கு மேல்தான் வலுவாக எழுகிறது. அதற்குக் கீழே, கதிரை மட்டும் காரணமாக வைத்துக் கருவைக் கலைக்கத் தேவையில்லை என்பதுதான் சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலை.

செய்ய வேண்டியது இதுதான்: எந்தத் தேதியில், எந்தப் பகுதிக்கு, எத்தனை படம் என்ற விவரத்தோடு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் எடுத்த இடத்திலிருந்து கதிர் அளவைக் கேட்டு வாங்கிக் கணக்கிடுவார்கள்.

இனிமேல் எடுக்கப் போகிறவர்களுக்கு: அறை வாசலில் "கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்" என்று பலகை இருக்கும். மாமியார் பக்கத்தில் நிற்கிறார், கூட்டமாக இருக்கிறது என்று பலர் வாயைத் திறப்பதில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இது இன்னும் கஷ்டம். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், வெளியே யாருக்கும் தெரியத் தேவையில்லை. அல்ட்ரா சவுண்டில் முடியுமா, தள்ளிப் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடலாம்.

கைக்குழந்தைக்குப் பால் குடுக்குறேன். எக்ஸ்ரே எடுத்தா பால் கெட்டுடுமா?

கெடாது. முதல் கேள்வியின் பதிலே இதற்கும். எடுத்து முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து பால் கொடுக்கலாம்.

குழந்தைக்கு எடுக்கும்போது நான் பிடிச்சுக்கச் சொல்றாங்க. நீங்களே பிடிக்கக் கூடாதா?

உங்களுக்கு இது என்றோ ஒரு நாள். எங்களுக்குத் தினமும். ஒவ்வொரு குழந்தையையும் நாங்களே பிடித்தால் ஆண்டு முழுக்கச் சேர்ந்துவிடும், அதனால்தான் விதியே அப்படி. பிடிப்பவருக்கு ஈய ஏப்ரன் தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். உங்கள் கை கதிர் விழும் சதுரத்துக்குள் வராமல், பக்கவாட்டில் நின்று பிடியுங்கள். அம்மா கர்ப்பமாக இருந்தால் அப்பாவோ தாத்தாவோ வரட்டும்.

நீங்க மட்டும் ஓடிப் போய்ச் சுவருக்குப் பின்னாடி நிக்கிறீங்க. ஆபத்து இல்லைன்னா ஏன் ஒளியிறீங்க?

முந்தைய பதிலின் தொடர்ச்சிதான் இது. அதோடு எங்கள் தொழிலின் வரலாறும் ஒரு காரணம். 1895 நவம்பரில் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தபோது அது உடம்பை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. குழாய் சரியாக இயங்குகிறதா என்று தங்கள் கையையே நீட்டிச் சோதித்தார்கள். எடிசனிடம் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி அப்படித்தான் கை புண்ணாகி, கைகளை வெட்டியெடுத்தும் பிழைக்காமல் 1904-இல் இறந்தார். அப்படி உயிரிழந்த மருத்துவர்கள், செவிலியர்கள், டெக்னீஷியன்களின் பெயர்களைப் பொறித்து 1936-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நினைவுத்தூண் எழுப்பினார்கள். நாங்கள் சுவருக்குப் பின்னால் நிற்பது அவர்கள் உயிரைக் கொடுத்துக் கற்றுத்தந்த பழக்கம்.

எங்கள் சட்டையில் நெஞ்சருகே மாட்டியிருக்கும் சிறிய அட்டையைப் பார்த்திருப்பீர்கள். டி.எல்.டி. பேட்ஜ் என்று பெயர். நாங்கள் வாங்கிய கதிர் அதில் பதிவாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி அளவு பார்க்கிறார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி எங்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்தான் எல்லை. எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக வேலை செய்தால் அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டோம்.

முன்னெல்லாம் இடுப்புல ஒரு ஈயத் தகடு வெச்சு எடுப்பாங்க. இப்ப ஏன் வைக்கிறதில்லை? அலட்சியமா?

அலட்சியம் இல்லை. இப்போதைய கருவிகளில் கதிர் விழும் பரப்பைச் சுருக்கியே எடுக்கிறோம். நெஞ்சுக்கு எடுக்கும்போது இடுப்புக்குப் போவதில் பெரும்பகுதி உடம்புக்குள்ளேயே சிதறிப் போவது, அதை வெளியே வைக்கும் தகடு தடுக்காது. மேலும் தகடு நகர்ந்து படத்துக்குள் வந்துவிட்டால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். சில கருவிகள் தகட்டை உடம்பென்று நினைத்துக் கதிரைத் தானாகக் கூட்டிவிடும். 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் இதை வழக்கமாக வைப்பதைக் கைவிடச் சொன்னது. ஆனாலும் தகடு வைத்தால் உங்களுக்கு மனநிம்மதி என்றால் கேளுங்கள், படத்தை மறைக்காத இடமாக இருந்தால் வைப்பார்கள்.

வார்டுல பக்கத்துப் படுக்கைக்கு மெஷினைத் தள்ளிட்டு வந்து எடுத்தாங்க. நாங்க எல்லாரும் வெளிய ஓடணுமா?

இரண்டு மீட்டர் தள்ளியிருந்தால் போதும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நடக்க முடிந்தவர்கள் நகரலாம். சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது ஊசியோடு எழுந்து ஓட வேண்டாம், விழுந்தால் அதுதான் ஆபத்து.

எம்.ஆர்.ஐ. குகைக்குள்ள போனாலே மூச்சு முட்டுது. பாதில எழுந்து வந்துட்டேன்.

நிறையப் பேருக்கு இப்படித்தான். குழாயின் இரு பக்கமும் திறந்தே இருக்கும், உள்ளே காற்று வரும், கையில் ஒரு ரப்பர் பந்து தருவோம், அமுக்கினால் உடனே வெளியே எடுப்போம். உள்ளே போகும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மேலே ஒரு சின்னத் துணி போடச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்து சுவர் மூக்கருகே இருப்பதைப் பார்த்தவுடன்தான் பயம் பற்றிக்கொள்கிறது. கூட வந்தவர் உலோகம் எதுவும் இல்லாமல் உள்ளே வந்து காலைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அதுவும் முடியாவிட்டால் மருத்துவர் மயக்கம் தரும் மருந்து கொடுத்து எடுப்பார்.

எம்.ஆர்.ஐ.யில் நிஜமாகவே பயப்பட வேண்டியது காந்தத்துக்கு. கருவி ஓடாதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போன ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு இறந்தார். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளையில் கிளிப், கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத்தூள், எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சி.டி.க்கு ஊசி போட்டதும் உடம்பெல்லாம் சூடாச்சு. அதுதான் கதிரா?

இல்லை, அது உள்ளுறுப்புகள் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காக ஏற்றும் அயோடின் கலந்த மருந்து, டை என்போம். உடம்பு சூடாவது, வாயில் உலோகச் சுவை, சிறுநீர் போய்விட்ட மாதிரி உணர்வு எல்லாம் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அரிப்பு, மூச்சுத்திணறல், தொண்டை அடைப்பு வந்தால் உடனே கையைத் தூக்கிச் சொல்லுங்கள், அது ஒவ்வாமை. முன்பே டை ஒத்துக்கொள்ளாமல் போனது, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவது இவற்றை ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

எங்க அண்ணன் தைராய்டுக்கு மருந்து குடிச்சிட்டு வந்திருக்கார், குழந்தைங்க பக்கத்துல வராதீங்கன்னு சொல்றார். எடுத்ததும் போயிடும்னுதானே நீங்க சொன்னீங்க?

நல்ல கேள்வி. முதல் பதிலுக்கு விதிவிலக்கு இதுதான். அவருக்குக் கொடுத்தது கதிரியக்க அயோடின் 131. கதிர் கருவியிலிருந்து வரவில்லை, மருந்தே கதிரை வெளிவிடுகிறது. 8 நாளுக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். அதற்குள் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். ஆகவே அண்ணன் சொல்வது சரி. மருத்துவமனை எழுதித் தந்த நாள் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் தள்ளியே இருக்கட்டும். தனித் தட்டு, டம்ளர், தனிப் படுக்கை, கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுவது, இவ்வளவுதான். அவரை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை, வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசலாம். புற்றுநோய் போன்றவற்றைப் பார்க்க எடுக்கும் பெட் சி.டி. ஸ்கேனிலும் இப்படிக் கதிர் வீசும் மருந்து ஏற்றுவார்கள். அது 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடுவதால் அன்றைக்கு ஒருநாள் குழந்தையை மடியில் வைக்காமல் இருந்தால் போதும்.

பழைய இரும்புக் கடைல எக்ஸ்ரே மெஷின் கிடக்குது. கிட்டப் போகலாமா?

எக்ஸ்ரே கருவி என்றால் மின்சாரம் இல்லாமல் அதில் கதிர் இல்லை. ஆனால் எல்லாக் கருவியும் அப்படி இல்லை. 2010-இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய காமா கருவியைப் பிரித்தபோது உள்ளே எப்போதும் கதிர் வீசிக்கொண்டிருக்கும் கோபால்ட் 60 இருந்தது. பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். அதை வைத்திருந்தவர்களுக்கு என்னவென்றே தெரியவில்லை. மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ்கொண்ட விசிறி போன்ற சின்னம் இருந்தாலோ, சிறிய பொருளுக்குப் பொருந்தாத கனம் இருந்தாலோ, தொடாதீர்கள், பிரிக்காதீர்கள், விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.

மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்ல ஃபுல் பாடி சி.டி. இருக்கு. பயமா இருக்கு, எதுக்கும் ஒரு தடவை எடுத்து வெச்சுக்கலாமா?

எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு வேண்டாம் என்றே சொல்வேன். கதிர் அளவு மேலே சொன்ன வயிற்று சி.டி.யையும் தாண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, யாருக்கும் தீங்கு செய்யாத சின்னப் புள்ளிகள் நிறையத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் இன்னொரு ஸ்கேன், ஊசி வைத்துச் சதை எடுப்பது, மாதக்கணக்கில் தூக்கமில்லாமை.

நோய் தெரியும் முன்பே எடுப்பதில் பயன் உறுதியானவை சில உண்டு. குறிப்பிட்ட வயதுக்கு மேல் பெண்களுக்கு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, பல ஆண்டுகள் அதிகமாகப் புகைபிடித்தவர்களுக்குக் குறைந்த கதிரில் நெஞ்சு சி.டி. இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று குடும்ப மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அதை மட்டும் எடுங்கள். வரும்போது பழைய ஃபிலிம் பையையும் கொண்டு வாருங்கள்.